தடித்த மரத்தில் நெருங்கிய வளைவுகளை அறுத்தற்குரிய ரம்பம்

உழவுக் கருவிகளை ஊரிலேயே செய்துகொள்ளும் குடியானவர்க்கும், அவற்றைச் செய்துதரும் தச்சர்க்கும் தொல்லை தரும் வேலைகளுள் தடித்த மரத்தில் வளைவு அறுத்தல் ஒன்றாகும். நுகத்தடியில் மாட்டின் கழுத்து அமரும் பள்ளமும், மேழியின் கைப்பிடியும் இதற்குத் தக்க உதாரணங்கள். நுகத்தின் முன்புறத்தில் வரைந்த கோடு ஒருவிதமாயும், ரம்பம் பின்புறத்தில் வெளிப்பட்ட கோடு வேறுவிதமாயும் இருப்பின், பள்ளம் ஒருபுறம் சாய்ந்து, அதன் விளிம்பு கழுத்தின் ஒரே இடத்தை அழுத்தும். நாளடைவில் அவ்விடத்தில் புண் உண்டாகி, மாடு வேலைக்கு உதவாமற் போகும். ஆதலின் ரம்பத்தைத் தேர்ந்தெடுத்தல் அற்பமான விஷயமன்று.

1. அலகின் அகலம்

அலகு அகலமாயிருப்பின் அது நேராகச் செல்லும், வளைவில் திரும்பாது. அலகு ஒடுங்கியிருப்பின் எளிதில் திரும்பும்; ஆனால் தடித்த மரத்தினுள் கோட்டை விட்டு விலகும். ஆகவே வளைவு இடங்கொடுக்கும் அளவிற்கு மிக அகலமான அலகையே கொள்ளவேண்டும். வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அவ்வட்டத்தின் ஆரத்தை அளந்து, கீழ்க்கண்டவாறு ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

1/4 அங்குல அலகு: 5/8 அங்குல ஆரம் வரை
3/8 அங்குல அலகு: 1 1/2 அங்குல ஆரம் வரை
1/2 அங்குல அலகு: 2 1/2 அங்குல ஆரம் வரை
3/4 அங்குல அலகு: 5 1/2 அங்குல ஆரம் வரை

இதன்படி 5 அங்குல ஆரமுள்ள நுகப்பள்ளத்திற்கு 1/2 அங்குல அலகும், 1 அங்குல ஆரமுள்ள கைப்பிடி வளைவிற்கு 1/4 அங்குல அலகும் ஏற்றவை.

2. பற்கள்

பற்களுக்கு இடையேயுள்ள குழிகளே மரத்தூளை வெளியே கொணர்வன. பற்கள் நெருங்கியிருப்பின் தூள் அடைத்துக்கொண்டு, அலகு சூடேறி, கோணலாக ஓடும். 4 அங்குலத் தடிப்புள்ள மரத்திற்கு அங்குலத்திற்கு 3 அல்லது 4 பற்களும், 2 அங்குலத் தடிப்பிற்கு 6 பற்களும் போதுமானவை. பற்கள் மாறி மாறி இருபுறமும் ஒரே அளவாய்ச் சாய்ந்திருத்தல் வேண்டும். ஒருபுறம் மிகுதியாய்ச் சாய்ந்திருப்பின் ரம்பம் அப்புறமே இழுக்கும்.

3. எந்த ரம்பம்?

இந்நாளில் பலரும் கையாளும் ஜிக்ஸா என்னும் மின்சாரக் கை ரம்பம் பலகைகளுக்கு உகந்தது. அதன் அலகு மேல்முனையில் மாத்திரம் பிடிக்கப்பட்டிருத்தலால், தடித்த மரத்தில் கீழ்முனை வளைந்து விலகும். மேற்சொன்ன பழுது பெரும்பாலும் இதனாலேயே நேர்கிறது. நுண்ணிய பற்களையுடைய சிறு வில் ரம்பங்களும் மெல்லிய மரத்திற்கே உரியவை.

அலகின் இரு முனைகளும் பிடிக்கப்பட்டுள்ள ரம்பமே இவ்வேலைக்கு வேண்டுவது. நாடா ரம்பம் எனப்படும் பேண்ட்ஸா இத்தகையது. மர அறுவை மில்களிலுள்ள அகன்ற அலகு இதற்கு உதவாது. தச்சுப் பட்டறைகளிலுள்ள சிறிய இயந்திரமே ஏற்றது. நுகத்தடி நீளமாதலால் இரு முனைகளையும் தாங்குவதற்கு முட்டுக்கள் வைத்துக்கொள்ளவேண்டும்.

இயந்திரம் இல்லாதவிடத்து, மரச்சட்டத்தில் முறுக்குக் கயிற்றால் விறைப்பாக்கப்படும் கைரம்பத்தை ஊர்த்தச்சரே செய்துகொள்ளலாம். தேய்ந்த நாடா ரம்பத் துண்டொன்றை அரத்தால் தீட்டி அதற்கு அலகாக்கலாம். முன்புறக் கோட்டை ஒருவரும் பின்புறக் கோட்டை மற்றொருவரும் பார்த்துக்கொண்டு இருவராய் அறுப்பின் பிழை நேராது.

இவ்விரண்டும் கிட்டாவிடின், சாதாரண ரம்பத்தால் கோடு வரையில் 1/2 அங்குலத்திற்கு ஒன்றாக நேர்வெட்டுகள் இட்டு, இடைமரத்தை உளியாலும் வாச்சியாலும் களையலாம். ஆழமில்லாத நுகப்பள்ளத்திற்கு இம்முறையும் நன்றே.

4. அறுக்கும்போது கவனிக்கவேண்டியவை

கோட்டை மரத்தின் இருபுறமும் வரைந்துகொள்க. கோட்டிற்குச் சற்று வெளியே அறுத்து, எஞ்சியதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்க. வளைவு மிக நெருங்கியிருப்பின் அலகை வலிந்து திருப்பலாகாது; கழிக்கப்படும் மரத்தில் முன்னரே சில நேர்வெட்டுகள் இட்டால், துண்டுகள் தாமே விழுந்து அலகு திரும்ப இடம் உண்டாகும். நாடா ரம்பம் ஓடிக்கொண்டிருக்கையில் மரத்தைப் பின்னோக்கி இழுப்பின் அலகு சக்கரத்தினின்று கழன்றுவிடக்கூடும். மேற்காப்பை மரத்திற்கு மிக அருகில் இறக்கிவைத்து, விரல்கள் அலகிற்கு நேரே வராதபடி நிற்றல் அவசியம்.

வேலை முடிந்தபின் மூலைமட்டத்தைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, விளிம்புகளை உருட்டி மழமழப்பாக்குக. முதல் நாள் உழவு முடிந்து நுகத்தை இறக்கியதும் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் மாத்திரம் மயிர் தேய்ந்தோ, தோல் சூடேறியோ இருப்பின், மறுநாள் அந்நுகத்தைப் பூட்டாமல் முதலில் பள்ளத்தைத் திருத்துக.