மலைக்கு போட்டோ எடுக்கப் போகிறீர்களா? லேப்டாப்பில் செய்ய வேண்டியவை

டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களில் பலர் அடுத்து ஆசைப்படுவது, மலைப் பகுதியில் நடக்கும் போட்டோகிராபி பயிற்சி முகாமில் சேர்வதற்குத்தான். அனுபவம் உள்ள ஒருவர் உடன் வந்து, எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், கேமராவை எப்படி செட் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார். 2023 டிசம்பரில், கொழுக்குமலையில் மூன்று நாள் நடந்த இப்படி ஒரு முகாமில் நானும் சேர்ந்தேன். அங்கே கற்றுக் கொண்டதில் பாதி கேமராவைப் பற்றியது. மீதிப் பாதி கம்ப்யூட்டரைப் பற்றியது. அந்த இரண்டாவது பாதியை, நான் செய்த ஒரு தவறோடு சேர்த்து இங்கே சொல்கிறேன்.

முகாமில் என்ன நடக்கும்?

கொழுக்குமலை, தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி 7,000 அடிக்கு மேல் உள்ள தேயிலைத் தோட்டப் பகுதி. ஆனால் ஜீப் போகும் பாதை, கேரளாவில் மூணாறுக்கு அப்பால் உள்ள சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது. கரடுமுரடான பாதை. இருட்டிலேயே கிளம்பினால்தான் சூரிய உதயத்தைப் பிடிக்கலாம். போடி பக்கத்துச் சமவெளியை மேகம் மூடியிருக்க, அதற்கு மேலே சூரியன் எழும்பும்.

காலையிலும் மாலையிலும் போட்டோ எடுப்போம். இரவு விடுதியில் வகுப்பு. அவரவர் எடுத்ததில் ஐந்து போட்டோக்களைத் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் தர வேண்டும். அவற்றைப் பெரிய திரையில் காட்டி நிறை குறைகளைச் சொல்வார்கள். எனவே லேப்டாப் இல்லாமல் இந்த முகாமில் பாதிப் பயன்தான்.

கிளம்பும் முன்: இடத்தைக் கணக்கிடுங்கள்

இம்முகாம்களில் போட்டோக்களை ஜேபெக் வகையில் எடுக்காமல் ரா வகையில் எடுக்கச் சொல்வார்கள். ஜேபெக் பைலில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 நிலைகள்தான் உண்டு. 14 பிட் ரா பைலில் 16,384 நிலைகள் பதிவாகின்றன. இதனால் இருண்டு போன மலைச்சரிவையும் பின்னர் கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கிப் பார்க்க முடியும். இதற்கு டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச சாப்ட்வேர்கள் கிடைக்கின்றன.

ஆனால் ரா பைலின் அளவு பெரிது. 24 மெகாபிக்ஸெல் கேமராவில் ஒரு பைல் 25 முதல் 30 எம்.பி. வரை வரலாம். மூன்று நாளில் 900 போட்டோ எடுத்தால் சுமார் 27 ஜி.பி. தேவை. லேப்டாப்பில் இதைப் போல இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். பைல் எக்ஸ்புளோரரில் திஸ் பிசி பிரிவைத் திறந்தால், ஒவ்வொரு டிரைவிலும் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பது தெரியும். நான் இதைப் பார்க்காமல் கிளம்பினேன்.

நான் செய்த தவறு

முதல் நாள் அலுப்பில் எதையும் காப்பி செய்யவில்லை. இரண்டாம் நாள் மதியம் கார்டில் 410 போட்டோக்கள் இருந்தன. காப்பி கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து போல்டரைத் திறந்தால் வரிசையாகப் போட்டோக்கள் தெரிந்தன. சரி, முடிந்துவிட்டது என்று லேப்டாப்பை மூடினேன். அன்று இரவு, மறுநாளுக்குத் தயாராகக் கார்டை கேமராவிலேயே பார்மட் செய்தேன். அதன் பிறகுதான் வகுப்புக்கு ஐந்து போட்டோ தேட உட்கார்ந்தேன்.

லேப்டாப்பில் இருந்தவை 260 மட்டுமே. டிரைவில் இடம் இல்லை என்ற செய்தி வேறொரு விண்டோவுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. விடுபட்ட 150-ம் அன்று காலை எடுத்தவை. முகாமுக்கு அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். மேகம் காலுக்குக் கீழே இருப்பதை அவர் பார்த்தது அன்றுதான் முதல் முறை. கம்பளியைப் போர்த்திக் கொண்டு அவர் நின்ற போட்டோக்கள் எல்லாம் அந்த 150-ல் இருந்தன. சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் நான். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பார்மட் செய்தால் எல்லாம் போய்விடுமா?

பயிற்சியாளர் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் கார்டில் இனி ஒரு போட்டோ கூட எடுக்காதீர்கள்."

காரணம் இதுதான். நூலகத்தில் புத்தகப் பட்டியலை மட்டும் கிழித்துப் போட்டால், புத்தகங்கள் அலமாரியில் அப்படியேதான் இருக்கும். கேமராவில் செய்யும் சாதாரண பார்மட் பெரும்பாலும் இப்படிப் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. புதிய போட்டோ எடுத்தால்தான் அந்த இடத்தில் பழையது அழியும். ஆனால் சில கேமராக்களில் உள்ள லோ லெவல் பார்மட்டும், விண்டோஸில் குயிக் பார்மட் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டுச் செய்யும் முழு பார்மட்டும் தகவல்களையே அழித்துவிடும். கவனம் தேவை.

உடனே கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் உள்ள சிறிய லாக் பட்டனைக் கீழே தள்ளி வைத்தேன். இனி அதில் எதுவும் பதியாது. வீட்டிற்கு வந்ததும் போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை இயக்கினேன். மீட்கும் பைல்களை அதே கார்டில் சேவ் செய்யக் கூடாது. வேறு டிரைவைக் காட்ட வேண்டும். பழைய பைல் பெயர்கள் திரும்ப வரவில்லை. 150-ல் 141 போட்டோக்கள் கிடைத்தன. ஒன்பது திறக்கவில்லை. அப்பா வாய்விட்டுச் சிரித்த போட்டோ அந்த ஒன்பதில் ஒன்று.

எண்ணிய பிறகே அழியுங்கள்

இதன் பிறகு நான் தவறாமல் பின்பற்றும் வழிமுறை:

1. ஒவ்வொரு நாளுக்கும் 2023-12-16 என்பது போலத் தேதியைப் பெயராகக் கொடுத்து தனி போல்டர் உருவாக்குங்கள். பார்மட் செய்தபின் சில கேமராக்கள் மீண்டும் முதல் எண்ணிலிருந்து பெயர் கொடுக்கும். ஒரே போல்டரில் போட்டால் பழையது மேல் புதியது எழுதப்படலாம்.

2. கட் செய்ய வேண்டாம். காப்பி மட்டும் செய்யுங்கள்.

3. கார்டில் உள்ள போட்டோ போல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். பைல்களின் எண்ணிக்கையையும் சைஸ் அளவையும் குறித்துக் கொள்ளுங்கள். லேப்டாப்பில் காப்பி செய்த போல்டரிலும் இதே போலப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அருகில் சைஸ் ஆன் டிஸ்க் என்று வேறொரு அளவு இருக்கும். அது டிரைவுக்கு டிரைவ் மாறும் என்பதால் அதை ஒப்பிட வேண்டாம்.

4. முதல், நடு, கடைசி என மூன்று போட்டோக்களையாவது திறந்து பாருங்கள்.

5. இரண்டு கார்டுகள் எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பும் வரை எதையும் பார்மட் செய்யாமல் இருப்பதே நல்லது.

வீட்டிற்கு வந்ததும் 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள். அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய விதி இது. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒரு பிரதி வீட்டிற்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஆன்லைன் சேமிப்பில் ஒன்று என வைத்தால் போதும்.

கல்யாண வீடு, குழந்தையின் பிறந்தநாள் என எந்த போட்டோவுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை நான் அன்று செலவழித்திருந்தால், அந்த ஒன்பது போட்டோக்களும் இன்று என்னிடம் இருந்திருக்கும்.