சுருங்கும் கரி: நுண்கருவித் தொழிலில் ஒரு கணக்கு

செங்கல் அறுப்பவரின் அச்சு, சூளையிலிருந்து வெளிவரும் கல்லைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும் என்பதை அவர் அறிவார். எவ்வளவு சுருங்கும் என்பதையும் அறிவார். தலைமயிரினும் மெல்லிய கரி மின்முனைகளை உருவாக்கும் ஆய்வுக்கூடங்களிலும் இதே கணக்குதான் முதற்பாடமாக அமைகிறது. ஒரு வேறுபாடு உண்டு. செங்கல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறுகும். நுண்கரி பாதியாகவும், சில வேளைகளில் ஐந்தில் ஒரு பங்காகவும் குறுகிவிடும்.

கரியாகும் முறை

விறகை மண்ணால் மூடிக் காற்றுப் படாமல் எரிக்கும் கரிமூட்டத்தின் தத்துவமே இங்கும் செயல்படுகிறது. எஸ்யூ-8 எனப்படும் ஒளியுணர் பிசின் சிலிக்கன் தகட்டின்மீது பூசப்படுகிறது. மறைப்புத் தகட்டின் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சப்படுகிறது. ஒளி பட்ட பகுதி இறுகிவிடுகிறது; எஞ்சியது கரைப்பானில் கழுவி நீக்கப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் பலபடி வடிவம், நைட்ரஜன் நிறைந்த உலையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுகிறது.

300 முதல் 500 டிகிரி வரையில் எடையின் பெரும்பகுதி வாயுக்களாக வெளியேறுகிறது. அதற்கு மேல் ஹைட்ரஜன் படிப்படியாக நீங்குகிறது. எஞ்சுவது கண்ணாடிக் கரி. மின்சாரத்தைக் கடத்துவதும், வேதிப்பொருள்களால் எளிதில் அரிக்கப்படாததும் இதன் சிறப்புகளாகும்.

எடையும் பருமனும்

கட்டியான பீனாலிக் பிசினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கன சென்டிமீட்டருக்கு 1.25 கிராம் அடர்த்தி உள்ள பிசின் 100 கிராம் எனில், அதன் பருமன் 80 கன சென்டிமீட்டர். அதிலிருந்து 1.5 கிராம் அடர்த்தியுள்ள கரி 55 கிராம் எஞ்சினால், அதன் பருமன் சுமார் 37 கன சென்டிமீட்டர் மட்டுமே. பருமன் பாதிக்கும் கீழாகிறது; நீளம் சுமார் 23 சதவீதம் குறைகிறது. எடை இழப்பு, அடர்த்தி உயர்வு ஆகிய இரண்டும் சேர்ந்தே சுருக்கத்தை நிர்ணயிக்கின்றன.

சிறியது மேலும் சிறியதாவது ஏன்?

பொருள் சிறுத்துச் செல்லுந்தோறும், அதன் பருமனுக்கு ஒப்பிடுகையில் மேற்பரப்பு பெருகுகிறது. எனவே, மெல்லிய இழையிலிருந்து வாயுக்கள் எளிதில் வெளியேறுகின்றன. தடித்த கட்டியிலோ அவை உள்ளேயே தங்கி வினைபுரிந்து, கார்பனின் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கின்றன. ஆகவே ஒரே பிசினால், ஒரே உலையில் செய்யப்பட்டாலும் மெல்லிய வடிவம் கூடுதலாகச் சுருங்குகிறது.

அடித்தளமும் இதில் பங்கு கொள்கிறது. தகட்டோடு ஒட்டிய அடிப்பகுதி எளிதில் சுருங்க இயலாது. மேற்பகுதி தடையின்றிச் சுருங்கும். ஆதலால் நேரான தூண், அடி அகன்ற வடிவம் பெறுகிறது. இழுவிசை மிகுந்தால் வெடிப்புத் தோன்றும், அல்லது வடிவம் தகட்டிலிருந்து பெயர்ந்துவிடும். நிதானமாகச் சூடேற்றுவது இன்றியமையாதது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குறையா, கருவியா?

10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூண் பாதியாகச் சுருங்கும் என எதிர்பார்க்கப்பட்டு, 60 சதவீதம் சுருங்கிவிட்டதாகக் கொள்வோம். விட்டம் 5-க்குப் பதில் 4 மைக்ரோமீட்டராகும். உயரமும் அதே விகிதத்தில் குறைந்தால், பக்கப்பரப்பு எதிர்பார்த்ததைவிட 36 சதவீதம் குறைந்துவிடும். இரத்தச் சர்க்கரையை அளக்கும் உணர்கருவியில் இத்தகைய மின்முனை அமைந்தால், மின்னோட்டம் மாறும், அளவீடும் பிழைபடும். பிழைபட்ட அளவீட்டின் விளைவை ஏற்பவர் நோயாளியே.

எனினும், முன்கூட்டியே கணக்கிடப்பட்ட சுருக்கம் பெருந்துணையாகும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், லேசரால் வரைந்த பலபடிச் சட்டகங்களைச் சூடேற்றி, நீளத்தில் 80 சதவீதம் வரை சுருங்கச் செய்ததை 2016-இல் வெளியிட்டனர். சட்டகத்தின் கம்பிகள் சுமார் 200 நானோமீட்டர் விட்டம் வரை மெலிந்தன. லேசரால் நேரடியாக எட்ட முடியாத நுண்மையை உலை எட்டியது.

இந்தியாவுக்குரிய பாடம்

எலெக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும் கருவிகள் விலை மிக்கவை. சாதாரண புற ஊதா ஒளியும் வாயு உலையும் கொண்டே அத்தகைய நுண்மையை அணுக முடியும் என்பது, வளரும் நாட்டுக்கு நல்ல செய்தியாகும். 2007-இல் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ இயக்கம் தொடங்கப்பட்டது. கான்பூர், ஐதராபாத், மண்டி ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பலபடிகளிலிருந்து கரி உருவாக்கும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்முனை வெற்றி பெறுவது ஒன்று. தொழிற்சாலையில் ஆயிரம் மின்முனைகள் ஒரே அளவில் அமைவது வேறொன்று. ஒவ்வொரு பிசினுக்கும், ஒவ்வொரு தடிப்புக்கும், சூடேற்றும் ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய சுருக்க அளவுகள் முறையாகப் பதியப்பட வேண்டும். தோல்வியுற்ற சோதனைகளும் அப்பதிவில் இடம்பெற வேண்டும். செங்கல் அறுப்பவரின் அச்சில் தலைமுறைகளின் அனுபவம் அடங்கியுள்ளது. நுண்கரித் தொழிலுக்கு அத்தகைய அச்சை அளக்கப்பட்ட எண்களே அமைத்துத் தர இயலும்.