அரசுப் பள்ளி மாணவருக்கு எம்.பி.பி.எஸ். இடம்

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர என்ன தகுதி வேண்டும்?

பதில்: தமிழ்நாட்டில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்தது இந்த உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. பல குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

நீட் தேர்ச்சி கட்டாயம். மொத்தம் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது. இயற்பியலைக் கண்டு அஞ்சும் மாணவர் இதை நினைவில் கொள்வது நல்லது. ஒதுக்கீட்டுக்குள்ளும் இனச்சுழற்சி பின்பற்றப்படுகிறது. போட்டி இந்தப் பிரிவு மாணவர்களுக்குள் மட்டுமே என்பதால், பொதுப் பிரிவைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலும் இடம் கிடைக்கிறது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இது பொருந்தும். ஏழை மாணவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதுதான்.

படிப்பு நாலரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும்.