தோலில் பூவேலை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

தோல் என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களே நம் நினைவுக்கு வரும். நீலகிரிக்கும் தோலுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உதகையைச் சுற்றி நாம் நாள்தோறும் காணும் சீகை மரங்களே அந்த உறவு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை இனங்களுள் கருஞ்சீகை, அதன் பட்டைக்காகவே இம்மலையில் பயிரிடப்பட்டது. அப்பட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின் என்னும் துவர்ப்பொருள் உண்டு. சமவெளியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை இது செய்தது.

இக்கட்டுரையை நான் எழுதக் காரணம் உண்டு. என் அப்பா செருப்புத் தைப்பவர். குன்னூரில் ஒரு படிக்கட்டின் ஓரம் அவருடைய கடை. வாரின் மேல் பூவும் கொடியும் பிறையும் கையால் பதிப்பது அவர் தம் தந்தையிடம் கற்ற வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில், "கூலி என்றே எழுதுடா, அது போதும்" என்றார் அப்பா. அவ்வாறே எழுதப்பட்டது. கூலி என்ற சொல்லுக்குள் அடங்காத வேதியியல் அந்தக் கடையில் இருக்கிறது என்பதை வகுப்பில் டானின்களைப் பற்றிப் படித்தபோது கண்டேன்.

பச்சைத்தோலில் உள்ள கொல்லாஜன் என்னும் புரத இழைகளோடு டானின் மூலக்கூறுகள் பிணைந்து, இழைகளுக்கு இடையேயுள்ள வெளியையும் நிரப்புகின்றன. அதனால் தோல் அழுகுவதில்லை. பூவேலைக்கும் இதுவே அடிப்படை. நனைந்த தோலை அழுத்தினால் இழைகள் நெருங்கும். உலர்ந்ததும் நெருங்கியபடியே நின்றுவிடும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் அப்படியன்று. அது மென்மையானது, கொதிநீரையும் தாங்கும். ஆனால் அழுத்திய தடத்தை விரைவில் மறந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்தினார். இன்று உலகத் தோலில் பெரும்பகுதி அம்முறையில் ஆவது. பல நாள் வேலை சில மணிகளில் முடிந்தால் வணிகர் எதைத் தேர்வார்? பட்டைத்தோல் கிடைப்பது அரிதானதால் அப்பாவின் கருவிகள் பெரும்பாலும் டப்பாவிலேயே கிடக்கின்றன.

அந்தக் கருவிகள் கடையில் வாங்கியவை அல்ல. பெரிய ஆணியின் முனையை அராவி நட்சத்திரம், பிறை, அரிசிமணி என்று வடித்தவை. தோலை நனைத்தவுடன் அடித்தால் தடம் குழைந்துவிடும். காய்ந்தபின் அடித்தால் தோல் வெடிக்கும். மேற்புறம் பழைய நிறத்துக்குத் திரும்பி, கன்னத்தில் வைத்தால் உள்ளே மட்டும் குளிர்ச்சி தெரியவேண்டும். அதுதான் பதம். ஆய்வகத்தில் ஈரத்தை அளக்கக் கருவி உண்டு, அப்பாவுக்குக் கன்னம். பிறகு ஆணியைச் செங்குத்தாக நிறுத்தி மரச்சுத்தியால் ஒரே அடி. இரண்டாம் அடி விழுந்தால் பூவுக்கு நிழல் விழுந்துவிடும் என்பார்.

கறுப்பு நிறமேற்றும் முறை இன்னும் சுவையானது. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் வெல்லத்தோடு சில வாரம் ஊறவைப்பார். புளிப்பில் உள்ள அமிலம் இரும்பைக் கரைக்கிறது. அந்த நீரைத் துணியால் தோலில் தடவினால், வைத்த இடம் கண்ணெதிரே கறுக்கும். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாறி, டானினுடன் கருநிறச் சேர்மமாகிறது. நம் முன்னோர் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இவ்வினையால்தான். இரும்பு மிகுந்தால் தோல் நாளடைவில் நைந்துபோகும். ஆகவே நன்கு கழுவி ஆமணக்கெண்ணெய் இடவேண்டும்.

பதனிடாத தோலிலும் கலை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தோற்பாவைக் கூத்துக் கலைஞர்கள் ஆட்டுத்தோலை மயிர் நீக்கிச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். விளக்கொளி ஊடுருவ வேண்டும் என்பதால் அங்கே டானினுக்கு வேலையில்லை. சிற்றுளிகளால் துளையிட்டு வண்ணம் தீட்டுகின்றனர். இராமனின் அணிகலன்களெல்லாம் ஒளிபுகும் துளைகளே. மான்தோலும் முன்பு பயன்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அதற்கு இடமில்லை. வங்காளத்தின் சாந்திநிகேதனிலோ பட்டைத்தோலில் மெழுகால் மறைத்து வண்ணமேற்றுகின்றனர். அந்தப் பைகள் புவிசார் குறியீடு பெற்றவை. குன்னூர்ப் படிக்கட்டில் ஆகும் வேலைக்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை.

இப்போது சீகை, சோலைப் புல்வெளிகளை விழுங்கும் அயல்மரம் என்று அகற்றப்படுகிறது. அது வேண்டியதே. ஆனால் வெட்டிய மரத்தோடு பட்டையும் விறகாகிப் போவதைப் பார்க்க அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தம் பட்டா நிலத்தில் வெட்டிய மரத்தின் பட்டையைக் கேட்டு வாங்கி வந்தோம். இடித்து ஊறவைத்து, சுண்ணாம்பு நீக்கிய ஓர் ஆட்டுத்தோலை அதில் போட்டிருக்கிறோம். தொடக்கத்தில் வலுவற்ற சாறு, பிறகு வலுத்த சாறு. முதலிலேயே வலுத்ததில் போட்டால் மேற்புறம் இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். இன்று பத்தாம் நாள். ஓரத்தில் சிறிது வெட்டிப் பார்த்தோம். இருபுறமும் பழுப்பேறி, நடுவில் நூலளவு வெள்ளைக்கோடு இன்னும் இருக்கிறது. இன்னும் ஐந்து நாள் ஆகும் என்கிறார் அப்பா.