இரும்பென்றால் நாலா?

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை, டிஎஃப்டி (எலெக்ட்ரான் அடர்த்திச் சார்புக் கோட்பாடு) கணக்குப் போடும் ஆய்வு மாணவர் யாரிடமாவது "ஹப்பர்ட் யூ எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்டுப்பாருங்கள். "இரும்புதானே சார், நாலு போட்டாப் போதும். எல்லாப் பேப்பர்லயும் அதான்" என்று பதில் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரும்புக்கென்று ஒரு யூ கிடையாது.

சாதாரண டிஎஃப்டி, ஒரே அணுவில் நெருங்கி நிற்கும் டி எலெக்ட்ரான்களின் விலக்கத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் மின்கடத்தாப் பொருளான பெரஸ் ஆக்சைடை உலோகம் என்றே சொல்லிவிடும். ஹேமடைட்டின் ஆற்றல் இடைவெளி சோதனையில் சுமார் 2 எலெக்ட்ரான் வோல்ட். கணக்கில் வருவது அரை எலெக்ட்ரான் வோல்ட். இந்தக் குறைக்கு மருந்தாக 1991இல் அனிசிமோவும் கூட்டாளிகளும் அந்த விலக்கத்தின் அளவான யூவைச் சேர்த்தார்கள். தனி அணுவில் 20 எலெக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும் இந்த விலக்கம், திண்மத்துக்குள் அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்கள் மறைப்பதால் சில எலெக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. அக்கம்பக்கம் மாறினால் யூவும் மாறத்தானே வேண்டும்?

நம்பாதவர்கள் பாம்பன் பக்கம் வரலாம். உப்புக்காற்றில் நிற்கும் இரும்பின் துரு ஒரே பொருள் அல்ல. அதில் கோதைட், லெபிடோக்ரோசைட், மேக்னடைட் எல்லாம் கலந்திருக்கும். குளோரைடு மிகுந்த இடத்தில் அகாகனைட்டும் சேரும். மேக்னடைட் ஒன்றுக்குள்ளேயே இரண்டு வகை இரும்பு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானம் அளக்க, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது. அந்தத் துருவுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாலா? பேட்டரிக்காரர்களுக்கும் இது புதிதல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் லித்தியம் இருக்கையில் யூ சுமார் 3.7, வெளியேறியதும் சுமார் 4.9 எலெக்ட்ரான் வோல்ட் என்று 2004லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்.

பேப்பரில் இருக்கும் எண் அதை எழுதியவர்களுடைய போலி அணுப்புலத்துக்கும் (சூடோபொட்டென்ஷியல்), டி நிலையை அவர்கள் வரையறுத்த விதத்துக்கும் உரியது. மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் தரவுத்தளம் இரும்புக்கு வைத்திருக்கும் 5.3 என்ற எண் ஆக்சைடுகளின் வினைவெப்பத்தோடு பொருத்தி எடுத்தது, இடைவெளிக்காக எடுத்ததல்ல. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்றால் யார் குற்றம்?

கணக்கிடுவது மலையைப் பெயர்க்கும் வேலையும் இல்லை. கொக்கோச்சியோனியும் தெ ஜிரோன்கோலியும் 2005இல் வழி சொல்லிவிட்டார்கள். ஓர் இரும்பணுவின் டி நிலைமீது மட்டும் மைனஸ் 0.1இலிருந்து ப்ளஸ் 0.1 எலெக்ட்ரான் வோல்ட் வரை சிறு ஆற்றல் மாற்றம் கொடுங்கள். டி எலெக்ட்ரான் எண்ணிக்கை எவ்வளவு நகர்கிறது என்று வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். எலெக்ட்ரான்கள் தங்களைத் திருத்திக்கொள்ளும் முன் ஒரு சரிவு, திருத்திக்கொண்ட பின் ஒரு சரிவு. இரண்டின் தலைகீழ்களுக்கு இடையிலான வித்தியாசமே யூ. கோடு வளைந்தால் எங்கோ தப்பு. சிறு படிகச் செல்லில் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். செல்லைப் பெரிதாக்கியும் எண் அசையாதபோதுதான் நம்பலாம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். யூ கூடக்கூட விடை துல்லியமாகும் என்பது பொய். இடைவெளி பொருந்தும்போதே படிக அளவு கெட்டுப்போகலாம். வெவ்வேறு யூ போட்ட மொத்த ஆற்றல்களைக் கழித்து முடிவு சொல்வது கணக்கே அல்ல. பரிமாற்ற ஆற்றலான ஜே தேவையில்லை என்பதும் பாதிதான் சரி. 1998இன் டுடாரெவ் முறையில் யூவிலிருந்து ஜே கழிபட்டு ஒரே எண்ணாக நிற்கும். காந்தத் திருப்புத்திறன்கள் சாய்ந்து நிற்கும் பொருள்களில் ஜேயைத் தனியே வைக்கும் லிக்டென்ஸ்டைன் முறை வேண்டிவரலாம். இந்த ஜே ஓர் அணுவுக்குள் நடப்பது, ஏறத்தாழ 1 எலெக்ட்ரான் வோல்ட். அணுக்களுக்கு இடையிலான காந்தப் பரிமாற்றமோ மில்லி எலெக்ட்ரான் வோல்ட் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிய ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் நச்சரிக்கிறேன்: உள்ளீட்டுக் கோப்பு முழுவதையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிடுங்கள். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இலவசம். யூ கணக்கிடும் கருவியும் அதிலேயே இருக்கிறது. வழிகாட்டிகளே, அந்த நேர்கோட்டு வரைபடம் இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.