வெந்நீர் அடுப்பில் எதை எரிக்கிறோம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

மார்கழி, தை மாதங்களில் நம் கனகம்மாசத்திரம் பகுதியில் விடியற்காலைக் குளிர் கூடுதலாக இருக்கும். பஜ்ருக்கு உளூச் செய்யவும் ஜும்ஆவுக்குக் குளிக்கவும் பல வீடுகளில் கொல்லைப்புறத்து அடுப்பில் அண்டா ஏறும், அல்லது விறகு பாய்லர் புகையும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அடுப்புக்குள் என்ன போகிறது?

ஈர விறகு பற்றவில்லை என்றால் ஒரு பால் கவர். விறகு போதவில்லை என்றால் பழைய செருப்பு, பஞ்சர் கடையில் கிடைத்த டயர் துண்டு, கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர், பெயிண்ட் அடித்த பழைய கதவுப் பலகை. தண்ணீர் சூடாகிவிட்டது, குப்பையும் ஒழிந்தது என்று நினைக்கிறோம். தூய்மைக்காகக் காய்ச்சிய அந்த நீர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சைக் கெடுத்துக் காய்ந்ததா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

அடுப்புக்குள் நடப்பது என்ன?

ஃபிளெக்ஸ் பேனர், மின்சார வயரின் மேலுறை, ரெக்சின் ஆகியவற்றில் பெரும்பாலும் பி.வி.சி. இருக்கிறது. அது எரியும்போது தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும், டையாக்சின் என்னும் கடும் நச்சும் வெளிவருகின்றன. குப்பையை எரிக்கும் பெரிய ஆலைகளில் டையாக்சினை அழிக்க, அதன் புகையை 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 2 விநாடி வைத்திருப்பார்கள். நம் செங்கல் அடுப்பில் அதற்கு வழியே இல்லை. அந்த நச்சு புகையோடு போய்ப் புல்லில் படிகிறது. புல்லை மாடு மேய்கிறது. மண்ணைக் கோழி கொத்துகிறது. கடைசியில் பாலிலும் முட்டையிலும் அது நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

டயர் எரிந்தால் கந்தக வாயுவும் புற்றுநோய் தரும் கரிப்பொருள்களும் கிளம்புகின்றன. பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வருகிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் அடித்த பலகைகளில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் தீயில் அழியாது. ஒரு பகுதி புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்க்கிறோம், கீரைப் பாத்தியில் கொட்டுகிறோம். ஈயம் முதலில் பாதிப்பது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான்.

வேலியில் வெட்டிய அரளிக் குச்சியும் அடுப்புக்கு ஆகாது. அதன் புகையிலும் விஷம் உண்டு.

விறகு போன்ற எரிபொருள்களால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகம். வெறும் விறகுப் புகைக்கே இந்த நிலை என்றால், அதில் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால்?

மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். தானாகத் தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அடிப்படை (இப்னு மாஜா). யாருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்று நபியவர்கள் மூன்று முறை அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னார்கள் (புகாரி).

இன்னொரு ஹதீஸையும் கவனியுங்கள். பச்சை வெங்காயம், பூண்டு சாப்பிட்ட வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மனிதர்களுக்குத் தொல்லை தருவது வானவர்களுக்கும் தொல்லை தருகிறது என்று காரணமும் சொன்னார்கள் (முஸ்லிம்). வெங்காயம் ஹலாலான உணவு. அதன் வாடை யாரையும் நோயாளியாக்குவதில்லை. அதற்கே இந்தக் கட்டளை என்றால், ஆஸ்துமாக்காரர் படுத்திருக்கும் வீட்டுக்குள் டயர் புகையை அனுப்புவது எப்படி ஆகும்?

“என் வீட்டு அடுப்பு, என் இஷ்டம்” என்று சொல்லலாமா?

நம் இமாம்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். ஹிஜ்ரி 620-இல் வஃபாத்தான இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் ‘அல்முக்னீ’ நூலில், அண்டை வீட்டாருக்குத் தீங்கு வரும்படி ஒருவர் தன் சொந்த இடத்தையும் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் முதல் உதாரணம், வீடுகளுக்கு நடுவே ஹம்மாம், அதாவது வெந்நீர்க் குளியலறை கட்டுவது! உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பும், பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாதபடி அடுப்புப் புகை போவதைக் கடுமையான தீங்கில் சேர்த்து, அதை எப்படியாவது அகற்றியாக வேண்டும் என்கிறது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆண்டுதோறும் போகிக்கு முன்பு, டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுக்கும். அது நமக்கில்லை என்று கடந்து போகிறோம். நம் வலீமா விருந்து முடிந்து பிளாஸ்டிக் தட்டுகளையும் டம்ளர்களையும் எரிப்பது யார்?

ஏழ்மைக்கு என்ன வழி?

விறகு வாங்கக் காசில்லாமல் கிடைத்ததை எரிக்கும் வீடுகள் உண்டு. அவர்களை யாரும் இழிவாகப் பேச வேண்டாம். கயிறெடுத்துப் போய் முதுகில் விறகு சுமந்து விற்றுப் பிழைப்பது, பிறரிடம் கையேந்துவதைவிடச் சிறந்தது என்று விறகு சுமப்பவரைக் கண்ணியப்படுத்தினார்கள் நபியவர்கள் (புகாரி). தென்னந்தோப்பு வைத்திருப்பவர் காய்ந்த மட்டையை ஏழை வீட்டுக்குக் கொடுத்தால் அதுவும் ஸதகாதான். அந்தத் தெருவே நிம்மதியாக மூச்சு விடும்.

இன்றிலிருந்து செய்ய வேண்டியவை:

• நன்கு காய்ந்த வேலிக்காத்தான், புளிய விறகு, தென்னை மட்டை, கொட்டாங்குச்சி, வேர்க்கடலைத் தோல் மட்டுமே எரியுங்கள். மழைக்கு முன்பே விறகைப் பிளந்து, கூரைக்கடியில் அடுக்கி வையுங்கள்.

• தீ மூட்டத் தேங்காய் நாரும் காய்ந்த பாளையும் போதும். பால் கவர் வேண்டாம்.

• பிளாஸ்டிக், தெர்மாகோல், டயபர், பேட்டரி, வயர் எதுவும் அடுப்புக்குப் போகக் கூடாது. தனியாகச் சேர்த்துத் தூய்மைக் காவலர்களிடம் கொடுங்கள்.

• பெயிண்ட் அடித்த பலகை எரித்த சாம்பலைப் பாத்திரத்துக்கும் செடிக்கும் பயன்படுத்தாதீர்கள்.

• கதவடைத்த அறையில் கங்கு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உறங்கும் முன் தீயை அணைத்துவிடுங்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தாரோடு எரிந்தபோது நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை அது (புகாரி, முஸ்லிம்).

• புகையால் சிரமம் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டாரிடம் நீங்களே கேளுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டாரின் ஹக் அவருக்கு உண்டு.

நம் உடலோடு நம் தெருவின் காற்றையும் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், நம் புகையால் எந்த உயிருக்கும் தீங்கு வராமல் வாழவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.