நிரலுக்கும் ஒரு விடைக்குறிப்பு

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் செய்முறை வகுப்பு. ஒரு மாணவர் தேர்ச்சியா இல்லையா என்று சொல்லும் செயற்கூறு ஒன்றைப் பைத்தானில் எழுதச் சொல்லியிருந்தேன். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பெரும்பாலோர் மூன்றையும் கூட்டி, 35 வந்தால் தேர்ச்சி என்று எழுதிவிட்டார்கள். 60, 20, 10 கொடுத்துப் பார்த்தார்கள்; தேர்ச்சி. 5, 10, 5 கொடுத்தார்கள், தேர்ச்சியில்லை. "சார், வேலை செய்யுது" என்றார்கள். நானும் ஏட்டில் கையொப்பமிட்டுவிட்டேன்.

மாலையில் கேளம்பாக்கம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. எழுத்துத் தேர்வில் மட்டும் 70-க்கு 15 எடுத்தாக வேண்டும் என்று ஆண்டு முழுதும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாம்தாம். 14, 20, 10 எடுத்தவருக்கு மொத்தம் 44, ஆனாலும் தேர்ச்சியில்லை. எங்கள் நிரலோ அவரைத் தேர்ச்சி என்று சொல்லும்.

மறுநாள் அசெர்ட் கூற்றை அறிமுகப்படுத்தினேன். 'இது இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று கணினியிடம் அடித்துச் சொல்வதே அசெர்ட். சொன்னது சரியென்றால் நிரல் பேசாமல் அடுத்த வரிக்குப் போகும். தவறென்றால் 'அசெர்ஷன் எரர்' என்று அங்கேயே நின்றுவிடும். கரும்பலகையில் நான்கு வரிகள் எழுதினேன். (கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன். செயற்கூறின் பெயரைத் தமிழிலேயே வைக்கப் பைத்தான் 3 இடம் தருகிறது.)

அசெர்ட் தேர்ச்சி(15, 15, 5) == ட்ரூ
அசெர்ட் தேர்ச்சி(15, 15, 4) == ஃபால்ஸ்
அசெர்ட் தேர்ச்சி(14, 20, 10) == ஃபால்ஸ், "எழுத்துத் தேர்வில் 15 இல்லை"
அசெர்ட் தேர்ச்சி(70, 20, 10) == ட்ரூ

மூன்றாவது வரியில் எல்லாக் கணினிகளும் நின்றன. காற்புள்ளிக்குப் பின் எழுதிய செய்தி பிழையோடு சேர்ந்து திரையில் வந்தது. திருத்தி ஓட்டியதும் திரை வெறுமையாக இருந்தது. "ஒண்ணுமே வரல சார்" என்றாள் ஒரு மாணவி, ஏதோ கெட்டுப்போனதுபோல. ஒன்றும் வராததுதான் வெற்றி என்று புரியவைக்க ஒரு பாடவேளையே போயிற்று.

எண்களைக் கவனியுங்கள். 35-உம் 34-உம், 15-உம் 14-உம் என்று எல்லையை ஒட்டியே எடுத்திருக்கிறேன். பிழைகள் பெரும்பாலும் அந்த வரப்பில்தான் ஒளிந்திருக்கும். 60, 20, 10 போட்டுப் பார்ப்பதால் அதிகம் தெரியவராது.

பிறகு மாணவர்களையே அசெர்ட் எழுதச் சொன்னபோது வேறொரு சிக்கல் வந்தது. நிரலை ஓட்டி, வந்த விடையைப் பார்த்து, அதையே அசெர்ட்டில் எழுதினார்கள். எல்லாம் சரியாகத்தான் வந்தன, வராமல் என்ன! மாணவரின் விடைத்தாளைப் பார்த்து நாம் விடைக்குறிப்பு தயாரிப்பதில்லையே. இப்போது செயற்கூறை எழுதுமுன், கணினியைத் தொடாமல், ஏட்டில் கையால் கணக்கிட்ட ஐந்து விடைகளைக் கேட்கிறேன். முணுமுணுக்கிறார்கள், ஆனால் பாதி ஐயங்கள் அந்த ஏட்டிலேயே தீர்ந்துவிடுகின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டால் அது ஒரு டியூப்பிள் ஆகிவிடும். வெறுமையல்லாத டியூப்பிள் எப்போதும் உண்மை என்பதால் அந்த அசெர்ட் எதையும் பிடிக்காது. இதற்குப் பைத்தான் ஓர் எச்சரிக்கை தருகிறது. மற்றொன்று, பயனர் மதிப்பெண்ணை 170 என்று தட்டினால் தடுக்க இஃப் கூற்றையே பயன்படுத்துங்கள். சிக்கனமாக ஓட்டும் முறையில் பைத்தான் அசெர்ட் வரிகளைத் தவிர்த்துவிடும்.

அடுத்து எடுத்தது தமிழ்ச்சொல்லின் எழுத்துகளை எண்ணும் நிரல். 'தமிழ்' என்பதற்கு மூன்று என்று அசெர்ட் எழுதினோம். லென் செயற்கூறு ஐந்து என்றது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனத் தனித்தனியாக ஐந்து குறியீடுகள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டதும் 'தமிழ்' மூன்றாயிற்று. 'கொக்கு', 'அஃது' இரண்டும் சரியாக வந்தன.

அப்போது ஒரு மாணவன் தன் அம்மாவின் பெயரான 'லக்ஷ்மி'யைக் கொடுத்தான். நிரல் நான்கு என்றது. மூன்றா, நான்கா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்கே தயக்கம்தான், தமிழாசிரியையை ஆய்வகத்துக்கு அழைத்துவந்தோம். முதலில், "லட்சுமி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டார். பிறகு, எழுதியபடியே எண்ணுவதானால் க்ஷ ஓரெழுத்து, ஆகவே மூன்று என்றார். மாணவன் மூன்று என்று அசெர்ட்டில் எழுதினான். நிரல் இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறது. வரியை அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.